கண்ணாடி போடாத படம்

பாரீசிலிருந்து அந்த அம்மா வருகிறார் என்று உறுதியான நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிற என்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய படங்களை அங்கே மாட்டுவதுதான் அவர் வேலை. இந்தியாவில் ஒரு சுற்று வருகிறார். புதுச்சேரிக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு சாயங்காலம். அந்தச் சாயங்காலம்தான் என் முதல் தனிக் கண்காட்சியின் திறப்பு. பிடித்துவிட்டால் என் படங்கள் பாரீசுக்குப் போகும். பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் ஓட்டல் அறைகளில் கட்டிலுக்குத் தலைமாட்டில் மாட்டுவதற்குப் படம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஓட்டல்காரர்களைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. எல்லோருக்கும் மஞ்சள் சுவர் வேண்டும்! மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி, கீழே ஒரு பழைய சைக்கிள். அந்தச் சைக்கிளை ஒருத்தரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. போட்டோவுக்கென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் சனி, ஞாயிறு நடந்து பாருங்கள், அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையே நிற்கும். பிறந்து வளர்ந்த ஊரில் நான் ஒரு மஞ்சள் சுவரைக்கூட எடுக்கமாட்டேன் என்று சபதமே போட்டிருந்தேன். என் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளைதான். அதற்குப் பாதிக் காரணம் அந்த மஞ்சள் மேல் எனக்கிருந்த கடுப்பு.

நான் கேமரா பிடித்தது கல்யாண வீடுகளில். எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வர முடியாது. கேமரா பிடிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி கிடைத்தால் கொத்திக்கொண்டு போவார்கள். ஊரில் பாதி மணப்பெண்களின் மருதாணிக் கை என் பழைய ஹார்டு டிஸ்கில் தூங்குகிறது. ஆனால் எனக்கு அப்போதே ஒரு கிறுக்கு. எல்லோரும் சாப்பிட எழுந்து போன பிறகு, காலி நாற்காலிகள் மேல் பந்தல் துணி வழியாக வெயில் இறங்கும் பாருங்கள், அதைத்தான் எடுத்துக்கொண்டு நிற்பேன். மணப்பெண்ணின் மாமி ஒருத்தர் வந்து, "அங்க ஒருத்தரும் இல்லியேம்மா, எதப் புடிக்கிற?" என்று கவலையோடு கேட்டார். ஜின், பேய் ஏதாவது தெரிகிறதோ என்று பயந்திருப்பார்.

அந்தக் கிறுக்குதான் என்னைத் தெருவில் இழுத்துவிட்டது. முதலில் மரக்காணம் உப்பளம். பிறகு கட்ச் வெள்ளைப் பாலை, ஸ்பிதி, லடாக் பனிமலைகள். அத்தாவின், அதாவது அப்பாவின், தாத்தா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அவர் நடந்த தெருவைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வியட்நாமுக்கும் போனேன். தெரு கிடைக்கவில்லை, மழை கிடைத்தது. ஆறு முழுக்க நிறைந்து பெய்த அந்த மழையை எடுத்தபோது குடையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. நல்ல வெளிச்சம் ஒன்று வந்து கண் முன்னால் நிற்கும்போது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ துள்ளும். பசி, தூக்கம், வீசா, ரயில் டிக்கெட் எதுவும் ஞாபகம் இருக்காது. இப்படி எடுத்ததைப் பருத்தியில் செய்த தடித்த காகிதத்தில் அச்சிட்டு, சுவரில் மாட்டி, நின்று பார்க்கிற பொருளாக்குவதுதான் என் தொழில். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "கல்யாண வீட்டுல எடுத்தா பிரியாணியாவது கெடச்சிது. உப்பளத்துல எடுத்து உப்பா கொண்டாரப் போற?" என்பார்.

பாரீஸ் அம்மா என் படங்களை முதலில் பார்த்தது கணினியில்தான். பார்த்துவிட்டு, எல்லாம் அழகு, ஆனால் மனிதர்களே இல்லையே, ஏன் என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன கேள்வி இது! பனிமலையில் நான் எவனைக் கொண்டுபோய் நிறுத்துவேன்? இரண்டு நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். மூன்றாவது நாள், எடுத்தும் வெளியே காட்டாமல் வைத்திருந்த ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது.

லடாக்கிலிருந்து திரும்பிய வாரம் அம்மா மீன் வாங்கிவரச் சொல்லி வைத்திக்குப்பத்துக்கு அனுப்பியிருந்தார். கேமராவும் தோளில் இருந்தது. போட்டுகள் கரையேறி, வலை உதறி, காலை வெயில் மணலோடு மணலாகப் படுத்திருந்தது. நான் வழக்கம்போல் மீனை மறந்துவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏ பொண்ணு! மீன் வாங்க வந்தியா, பராக்கு பாக்க வந்தியா? வியாபாரத்த மறச்சிகினு நிக்கிற!"

அலுமினிய அன்னக்கூடைக்குப் பின்னால் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். குரல் அலையைத் தாண்டிப் போகும். நான் திரும்பியபோது ஒரு புருவம் மட்டும் ஏறியிருந்தது. வெயில் முழுவதும் அந்த வெறும் நெற்றியில் வந்து தங்கியிருந்தது. கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. வயிற்றுக்குள் துள்ளியது பாருங்கள், லடாக்கில்கூட அப்படித் துள்ளவில்லை!

அதற்கப்புறம் மீன் என்றால் அந்த அக்காவிடம்தான். என்னை 'பாய் வூட்டுப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார். படத்தைச் சின்னதாக அச்சிட்டுக் கொடுத்தேன். "நல்லாத்தான் கோவப்படறேன்" என்று ரசித்துவிட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதை, சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, ஊர்க்கதை போலச் சொன்னார். பூவும் பொட்டும் அதோடு போயிற்று என்றார். கண்காட்சியில் பெரிய சுவரில் அவர் படத்தை மாட்டட்டுமா என்று கேட்டபோது, "மாட்டிக்கோ, எனுக்கு இன்னா" என்றார். வரச் சொன்னதற்குத்தான் தயங்கினார்.

"விசேஷத்துல நான் முன்னால வந்து நிக்கறதில்ல பொண்ணு. கடைசியா வந்து, பின்னால நின்னு பாத்துட்டுப் போய்டறேன்."

சென்னையில் கொடுத்து அந்த முகத்தை என் உயரத்துக்குப் பாதி வருகிற அளவில் அச்சிட்டேன். அந்த அளவில் அந்த வகைக் காகிதம் அவர்களிடம் கடைசியாக ஒரு தாள்தான் இருந்தது. அடுத்தது கப்பலில் வர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, பெரிய மார்க்கெட் பக்கத்தில் சட்டம் போடுகிற அண்ணன் கடைக்குப் போனேன்.

பல வருடங்களாக என் படங்களுக்கெல்லாம் அவர்தான் சட்டம் போடுகிறார். திருக்கனூர்ப் பக்கம் கிராமத்தில் நிலம் உண்டு, ஊருக்குள் கடை. கடை முழுக்கச் சாமி படங்களும், இறந்து போனவர்களின் படங்களும். இரண்டுக்கும் நடுவில் என் உப்பும் பனியும் நிற்கும். அவர் என்னிடமிருந்து வாங்கிய முதல் முகம் இதுதான். சுருளை விரித்ததும் அவர் பேச்சு அடங்கியது.

"கறுப்புச் சட்டம் போதும்ணே. கண்ணாடி வேணாம், வெளிச்சம் அடிச்சா முகம் தெரியாது."

"புரியுது தங்கச்சி" என்றார், ரொம்ப மெதுவாக. படத்தை இரண்டு கையாலும் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஆகா, கடைசியில் இந்த ஊரில் ஒருத்தருக்காவது கலையின் மேல் மரியாதை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

திறப்பு நாள் காலையில் படத்தை வாங்கப் போனேன். அண்ணன் வேட்டி சட்டையில் இருந்தார். சாமி படங்களை ஒதுக்கிவிட்டுக் கடையின் நடுவில் என் படத்தை நிறுத்தியிருந்தார். சட்டத்தைச் சுற்றிச் சந்தனச் சீவல் மாலை. மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அக்காவின் நெற்றியில், வெயில் வந்து தங்கிய அந்த இடத்தில், நடுவாகச் சந்தனம் வைத்து அதன் மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே! என்னண்ணே இது!"

"காசு எதுவும் வேணாம் தங்கச்சி. நீங்க பாய் வூட்டு ஆளு, உங்களுக்கு மொற தெரியாது. நெருங்கன மனுஷிக்குத்தானே இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்க. அதான் நம்ம கையால செஞ்சிடுவம்னு…"

"அவங்க சாகலண்ணே! உயிரோட மீன் வித்துக்கிட்டு இருக்காங்க!"

அண்ணன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கறுப்பு வெள்ளையில, இவ்ளோ பெருசா, சிரிக்காம ஒரு மூஞ்சி… வேற இன்னான்னு நெனப்பேன் தங்கச்சி?" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். நம் ஊரில் எந்த வீட்டுச் சுவரிலும் அந்த அளவுக்கு ஒரு முகம் ஏறுகிறதென்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். உலகம் சுற்றிய எனக்கு அது ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையே!

"அழிச்சிடறேன், இதோ துணி" என்று எழுந்தார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இருந்திருந்தால் ஒரு துடைப்பில் போயிருக்கும். கண்ணாடி வேண்டாம் என்று சொன்ன புத்திசாலி நான்தான். பருத்திக் காகிதம் குங்குமத்தை நன்றாகக் குடித்துவிட்டிருந்தது. தேய்த்தால் முகமெல்லாம் சிவப்பு ஈஷிக்கொள்ளும், பிறகு ஒன்றும் மிஞ்சாது.

செல்போனில் படம் பிடித்து, கண்காட்சி நடக்கிற கூடத்தின் சொந்தக்காரருக்கு அனுப்பினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற தமிழர், ஊரே அவரை ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடும். தன் பூர்வீக வீட்டுக் கூடத்தைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார். உடனே போன் வந்தது.

"மாஞிஃபிக்! பிரமாதம்! கறுப்பு வெள்ளையில அந்த ஒரே செவப்பு! மாலையோட அப்படியே எடுத்தாம்மா. பாரீஸ் மதாம் மயங்கி விழுந்துடுவாங்க!"

அவர் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் எரிச்சல். அந்தச் சிவப்பு படத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் நானே என் முதுகில் தட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் சாயங்காலம் பின்னால் வந்து நிற்கப் போகிற அக்கா, தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதை அங்கே வந்துதான் பார்க்க வேண்டுமா? உயிரோடு இருக்கிறவருக்கு இதைவிட அச்சானியம் வேறென்ன? அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் படம் சுவரேறக் கூடாது. பெரிய சுவர் காலியாக இருந்தாலும் சரி, பாரீஸ் போகாவிட்டாலும் சரி. மனசுக்குள் இதை வீரமாகச் சொல்லிக்கொண்டேனே தவிர, அக்கா சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

மாலையைச் சின்ன ஆணிகளால் அறைந்திருந்தார். பிடுங்க நேரமில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் படத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். வண்டியை மாட்டு வண்டிபோல் உருட்டினார்.

"பெருசா வயசும் இல்லியேம்மா. ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்காங்க! அவங்களப் பாக்கத்தான் போறோம், சீக்கிரம் போங்க!"

கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு வேகமாகவே ஓட்டினார்.

வைத்திக்குப்பத்தில் வியாபாரம் முடிகிற நேரம். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் தடுமாறி வருவதை முதலில் பார்த்தது பக்கத்துக் கூடைக்காரிகள்.

"அய்யய்யோ! ஏ, ஒனுக்கு மால போட்டு எடுத்தாறா பாருடி!"

ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி மண்ணை அள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தாள். தூற்றிச் சாபம் விடத்தான் என்று நினைத்து நான் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். சட்டக்கார அண்ணன், கண்ணாடி வேண்டாம் என்றது, காகிதம் குடித்தது, பாரீஸ், எல்லாமே. "நீ வேணாம்னா இப்பவே இந்தக் கடல்ல போட்டுர்றேன்க்கா" என்று முடித்தேன். முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் குந்தினார். மாலையைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்க்கவில்லை. நெற்றியைத்தான் பார்த்தார். ஒரு விரலை அந்தப் பொட்டுக்குப் பக்கம் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இனிமே செத்தாத்தான் படத்துக்குப் பொட்டு வெப்பாங்கன்னு இருந்தேன்" என்றார். "உசுரோட இருக்கறப்பவே பாத்துட்டேன்."

மண்ணை அள்ளியவள் கை தளர்ந்து மண் கீழே கொட்டியது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தார். அதே புருவம் ஏறியது.

"இன்னாத்துக்கு அழுவற? மாலயப் புடுங்கிப் போடு. அந்த பல்பையும் தூக்கிப் போடு, எரியவே இல்ல. பொட்டுல மட்டும் கைய வெச்ச, தெரியும் சேதி!"

மீன் வெட்டுகிற கத்தியாலேயே ஆணிகளை நெம்பி எடுத்தோம். நாலு பெண்கள் சேர்ந்து படத்தைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோக்காரர் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போகும்போது அவர் பாட்டைச் சத்தமாகவே வைத்தார்.

சாயங்காலம் முசியே வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் சைகோன் மழை, நடுச் சுவரில் அக்கா. அம்மா வந்து, மார்க்கத்துக்கு ஆகாத மனித முகத்தைச் சுவரில் மாட்டியதற்கு முணுமுணுத்துவிட்டு, பிறகு அந்தப் படத்துக்கு முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். பாரீஸ் மதாம் மற்றவற்றையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். நடுச் சுவருக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தச் சிவப்பு உங்கள் யோசனையா என்று கேட்டார். என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முசியே இடையில் புகுந்து பாதியை அலங்காரம் செய்தார்.

கடைசியாக, சொன்னபடியே, அக்கா வந்தார். வெளுத்த புடவை, எண்ணெய் வைத்து அழுத்திய தலை, வெறும் நெற்றி. வாசல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அதற்குள் சட்டக்கார அண்ணன் பார்த்துவிட்டார். காலை முதல் சாப்பிடாமல் இருந்திருக்கிறார் மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கைகூப்பி நின்றார்.

"தாயி, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடு."

"நீதானா அது?" அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேராத்தான் வெச்சிருக்க. எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப எனுக்கே இவ்ளோ நேரா வராது."

அண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார். மதாம் இவர்தான் படத்தில் இருப்பவர் என்று புரிந்துகொண்டு, நேராக அக்காவிடம் வந்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அக்கா ஒன்றும் கூச்சப்படவில்லை. மதாம் என் பக்கம் திரும்பி, அடுத்த குளிர்காலத்தில் எல்லாப் படங்களும் வேண்டும், இது வாசலுக்கு நேராக என்றார். நான் குதித்தேன்! அத்தனை பேருக்கு முன்னால், முக்காடு நழுவ, நிஜமாகவே குதித்தேன். அம்மா, "ஏய், ஏய்" என்றார்.

முசியே அக்காவிடம் தமிழில் சொன்னார். "உங்க படம் பாரீசுக்குப் போகுதும்மா. கூட நீங்களும் போறீங்களா?"

"நான் எங்க? எதிர்வூட்டுல வளகாப்புன்னாகூட வாசப்படி ஏறாதவ நான்." நடுச் சுவரைக் காட்டினார். "அவ போவட்டும். அவதான் பொட்டு வெச்சிருக்காளே, எங்க வேணா போவலாம். எவன் கேப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். முசியே பிரெஞ்சில் சொல்லி மதாமும் சிரித்தார். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தா இறந்த பிறகு நிக்காஹ் வீடுகளில் அம்மாவும் பின்வரிசையில்தான் உட்காருகிறார் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அம்மா போய் அக்காவின் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. மீன் விஷயம் என்று அம்மா பிறகு சொன்னார்.

மறுநாள் விடிந்ததும், தூக்கம் வராத சந்தோஷத்தில், கேமராவைத் தூக்கிக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு ஓடினேன். அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பி வந்தார். போட்டுகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. அக்கா கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். நெற்றியில் நல்ல பெரிய, ஈரம் காயாத குங்குமப் பொட்டு. கொஞ்சம் கோணலாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் புருவம் ஏறிவிட்டது.

"இன்னா பாக்கற? மீனப் பாரு."

"பாக்கறேன்க்கா" என்றேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். "இந்த தடவ கலர்ல."

"கலரா? இரு இரு" என்று அக்கா என் அம்மாவிடம் நெற்றியைக் காட்டிக் குனிந்தார். "ஏம்மா, கோணையா இருக்குதா? சித்த நேராக்கி வுடேன்."

பொட்டே வைத்துப் பழகாத என் அம்மா, முக்காட்டு முனையை நாக்கில் நனைத்து, அதன் ஓரத்தைத் துடைத்து நேராக்கினார்.